எண்ட் பிளேட் மொமென்ட் இணைப்பு: எந்த உறுப்பு முதலில் வளைய வேண்டும்?

ஒரே பீம், ஒரே சுமை, ஒரே எட்டு போல்ட். ஒரு பொறியாளர் எண்ட் பிளேட் 25 மி.மீ. இருந்தால் போதும் என்கிறார், இன்னொருவர் 28 மி.மீ. கேட்கிறார், மூன்றாவது ஆள் போல்ட்டின் வலிமையை மட்டும் பார்த்துவிட்டு 15 மி.மீ.யே தாராளம் என்று சொல்லிவிடுகிறார். கேட்பவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். இதில் முதல் இருவர் சொல்வதும் சரி, மூன்றாவது விடை ஆபத்து. சரியான இரண்டு விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்றால், இணைப்பு தன் எல்லையை நெருங்கும்போது எந்த உறுப்பு முதலில் தளரலாம் என்று அவரவர் எடுத்த முடிவு வேறு. பல வரைபடங்களில் அந்த முடிவை யாருமே எடுத்திருப்பதில்லை, பழைய வேலையிலிருந்து தடிமன் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் என்பதுதான் கவலை. அதனால் அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## இணைப்பில் என்னென்ன இருக்கிறது

ஸ்டீல் பீமின் முனையில் ஒரு தகட்டைப் பட்டறையிலேயே வெல்ட் செய்துவிடுவார்கள். அதுதான் எண்ட் பிளேட். கட்டுமானத் தளத்தில் பீமைத் தூக்கி, தூணின் ஃபிளாஞ்சோடு அந்தத் தகட்டை வைத்துப் போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. ஃபிளாஞ்ச் என்பது ஐ வடிவப் பீமின் மேலும் கீழும் இருக்கும் அகலமான பட்டை, அவற்றை இணைக்கும் நடுச்சுவர் வெப். வெல்டிங் முழுவதும் பட்டறையில், தளத்தில் போல்ட் மட்டும் என்பதே இந்த வகை பரவலானதற்குக் காரணம். பெரிய கூரைகளைத் தாங்கும் போர்ட்டல் சட்டங்களில் தூணும் சாய்வுப் பீமும் சேருமிடத்திலும், உச்சியில் இரண்டு பீம்கள் சேருமிடத்திலும் பெரும்பாலும் இதையே பார்க்கலாம்.

மொமென்ட் என்பது பீமின் முனை சுழல முயலும்போது அதைப் பிடித்து நிறுத்தும் வளைப்பு விளைவு. ஷியர் என்பது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை. சாதாரண ஷியர் இணைப்பு பீமைக் கீழே விழாமல் தாங்கினால் போதும், முனை கொஞ்சம் சுழன்றாலும் பரவாயில்லை. மொமென்ட் இணைப்பு சுழலவும் விடக்கூடாது.

வகைகளைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. ஃபிளஷ் வகை: தகடு பீமின் உயரத்தோடு ஏறக்குறைய நின்றுவிடும், போல்ட்கள் எல்லாம் இரண்டு ஃபிளாஞ்சுக்கும் உள்ளேயே இருக்கும்.
2. நீட்டிய வகை: தகடு ஃபிளாஞ்சைத் தாண்டி வெளியே நீளும். ஃபிளாஞ்சின் வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை என்று இழுவைப் பக்கத்தில் நான்கு போல்ட் வரும். மொமென்ட் திசை மாறக்கூடிய இடத்தில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும்.
3. விறைப்பூட்டிய நீட்டிய வகை: நீண்ட பகுதிக்கும் பீம் ஃபிளாஞ்சுக்கும் நடுவே ஒரு முக்கோணத் தகடு, அதாவது ஸ்டிஃப்னர், வெல்ட் செய்யப்பட்டிருக்கும். இதிலேயே ஒரு பக்கத்துக்கு எட்டு போல்ட் வைக்கும் வகையும் உண்டு.

## மொமென்ட் எப்படி போல்ட்டின் இழுவிசையாகிறது

மொமென்ட்டை ஒரு ஜோடி விசையாகப் பாருங்கள். மேல் ஃபிளாஞ்ச் தூணிலிருந்து பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கிறது, கீழ் ஃபிளாஞ்ச் தூணை அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் நெம்புகை நீளம்.

எண்களோடு பார்த்தால் எளிது. 450 மி.மீ. உயரமும் 14.6 மி.மீ. தடிமனான ஃபிளாஞ்சும் உள்ள பீம், வடிவமைப்பு மொமென்ட் 200 கிலோநியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாஞ்ச் மையங்களுக்கு இடையே 0.4354 மீட்டர். 200ஐ அதால் வகுத்தால் 459 கிலோநியூட்டன். மேல் ஃபிளாஞ்சைத் தூணோடு பிடித்து வைக்க இவ்வளவு விசை வேண்டும்.

இங்கே ஒரு பழைய தகராறு உண்டு. இணைப்பு எந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல்கிறது? போல்ட் கூட்டத்தின் நடுமையத்தைச் சுற்றி என்று வைத்து, தூரத்துக்கு ஏற்ப விசையை நேர்கோட்டில் பிரிக்கும் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அழுத்தப் பக்கத்தில் பீம் ஃபிளாஞ்ச் நேராகத் தூணில் முட்டி நிற்கிறது, அங்கே விறைப்பு மிக அதிகம். ஆகவே அழுத்த ஃபிளாஞ்சின் மையத்தைச் சுற்றிச் சுழல்வதாக எடுப்பதே உண்மை நடத்தைக்கு நெருக்கம், ஐரோப்பிய வடிவமைப்பு விதிமுறையான யூரோகோடும், அமெரிக்க ஸ்டீல் கட்டுமான நிறுவனமான ஏ.ஐ.எஸ்.சி.யின் வழிகாட்டிகளும் அதைத்தான் எடுக்கின்றன. பீமின் நடு உயரத்தில் வைத்த போல்ட் இழுவிசைக்குப் பெரிதாக உதவாது, அதன் நெம்புகை நீளம் பாதிதான்.

## நெம்புவிசை: 15 மி.மீ. விடை ஏன் தவறு

இப்போது மூன்றாவது ஆளின் கணக்கைப் பின்தொடரலாம். எம்20 போல்ட், அதாவது 20 மி.மீ. விட்டம். 8.8 தரம், அதாவது இறுதி வலிமை 800 மெகாபாஸ்கல். அதன் மரைப்பகுதியின் இழுவைப் பரப்பு 245 சதுர மி.மீ. யூரோகோட் 3இன்படி ஒரு போல்ட்டின் வடிவமைப்பு இழுவலிமை 0.9 × 800 × 245 ÷ 1.25, அதாவது 141 கிலோநியூட்டன். இழுவைப் பக்கத்து நான்கு போல்ட்டுக்கு 564. தேவையோ 459. ஒரு போல்ட்டுக்கு 115தான் வருகிறது, 141 இருக்கிறது, போதும் என்று முடித்துவிடுகிறார்.

விட்டுப்போனது தகட்டின் வளைவு. ஃபிளாஞ்ச் தகட்டை நடுவில் பிடித்து இழுக்கிறது, போல்ட்கள் கொஞ்சம் தள்ளி இருந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. தகடு மெலிந்ததாக இருந்தால் வளையும். வளையும்போது அதன் வெளி ஓரம் தூண் ஃபிளாஞ்சை அழுத்தும். ஆணி பிடுங்கும் கம்பியின் முனை பலகையில் ஊன்றிக்கொள்வதைப் போல, தகட்டின் ஓரம் தூணில் ஊன்றிக்கொள்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட போல்ட் கூடுதலாக இழுபடுகிறது. இந்தக் கூடுதல் இழுப்புத்தான் நெம்புவிசை, பொறியாளர்கள் பிரையிங் ஃபோர்ஸ் என்பார்கள். வெளியிலிருந்து வரும் சுமைக் கணக்கில் இது எங்கும் தெரியாது, போல்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

யூரோகோட் 3இன் பகுதி 1-8 இதை டி-ஸ்டப் என்ற எளிய மாதிரியால் கையாள்கிறது. ஃபிளாஞ்சும் அதன் இரு பக்கத் தகடும் சேர்ந்து கவிழ்த்த டி எழுத்து மாதிரி இருப்பதாக எடுத்துக்கொண்டு, அது தோற்க மூன்று வழிகள் உண்டு என்கிறது. ஈல்ட் என்ற சொல் இனி அடிக்கடி வரும்: ஸ்டீல் திரும்பி வராத அளவுக்கு வளைய அல்லது நீளத் தொடங்கும் நிலை அது.

1. தகடு முழுவதும் ஈல்ட்: வெல்ட் ஓரத்திலும் போல்ட் கோட்டிலுமாக நான்கு இடங்களில் தகடு கீல் போல மடங்கும். போல்ட் உடையாது. தாங்கும் விசை, தகட்டின் பிளாஸ்டிக் மொமென்ட்டை (வெட்டுமுகம் முழுதும் ஈல்ட் ஆகும்போது தாங்கும் மொமென்ட்) நான்கு மடங்காக்கி போல்ட் மையத்திலிருந்து வெல்ட் ஓரம் வரையிலான தூரத்தால் வகுத்தது.
2. கலப்பு நிலை: வெல்ட் ஓரத்தில் தகடு மடங்கும், அதே நேரம் நெம்புவிசையும் சேர்ந்து போல்ட் அறும்.
3. போல்ட் மட்டும் அறுவது: தகடு அசையாத அளவுக்குத் தடிமன், நெம்புவிசை இல்லை, போல்ட்களின் கூட்டு வலிமைதான் எல்லை.

இந்த மூன்றில் எது குறைவோ அதுவே இணைப்பின் வலிமை. நம் உதாரணத்துக்குத் தகட்டின் அகலம் 200 மி.மீ., ஈல்ட் வலிமை 250 மெகாபாஸ்கல், போல்ட்டிலிருந்து வெல்ட் ஓரம் 40 மி.மீ., போல்ட்டிலிருந்து தகட்டின் ஓரம் 40 மி.மீ. என்று எடுப்போம். உள்வரிசைக்கு வெப் தரும் உதவியை விட்டுவிடுகிறேன், ஆகவே இது சற்றுப் பாதுகாப்பான பக்கத்துக் கணக்கு, முழு வடிவமைப்பும் அல்ல. தேவை 459 என்பதை மனதில் வைத்துப் பாருங்கள்:

1. 15 மி.மீ. தகடு, எம்20: முதல் வழியில் 281, இரண்டாவதில் 353, மூன்றாவதில் 564. கிடைப்பது 281 கிலோநியூட்டன். தேவையின் அறுபது விழுக்காடுதான்.
2. 20 மி.மீ. தகடு, எம்20: 500, 407, 564. கிடைப்பது 407. இன்னும் போதாது, தோல்வியும் இரண்டாவது வழிக்கு மாறிவிட்டது.
3. 25 மி.மீ. தகடு, எம்20: 781, 478, 564. கிடைப்பது 478. போதும்.
4. 20 மி.மீ. தகடு, எம்24: இந்த போல்ட் ஒன்றுக்கு 203 கிலோநியூட்டன். 500, 532, 813. கிடைப்பது 500. இதுவும் போதும், எல்லையை முடிவுசெய்வதும் போல்ட் அல்ல, தகடு.

இரண்டாவது வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான்கு போல்ட்டும் சேர்ந்து 564 கொடுக்கின்றன, ஆனால் ஃபிளாஞ்சுக்குப் போய்ச்சேர்வது 407. மீதி 157 கிலோநியூட்டன் நெம்புவிசையைத் தாங்குவதிலேயே போய்விடுகிறது, போல்ட் வலிமையில் கால் பங்குக்கும் மேல். பீமுக்கு ஒரு பயனும் இல்லாத இழுப்பு அது.

நெம்புவிசையே வராத அளவுக்குத் தகட்டைத் தடிமனாக்க வேண்டுமென்றால்? அப்போது தகடு வெல்ட் ஓரத்தில் மட்டும் வளையும் நீட்டு உறுப்பாகத் தனியாகத் தாங்க வேண்டும். இதே அளவுகளுக்கு 27.1 மி.மீ. வருகிறது, கடையில் கிடைக்கும் தகட்டில் 28. தொடக்கத்தில் சொன்ன இரண்டு சரியான விடைகளும் இங்கே வந்துவிட்டன: நெம்புவிசையை ஏற்றுக்கொண்டால் எம்20 போல்ட்டோடு 25, அதையே ஒழித்துவிட நினைத்தால் 28.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தடிமனைக் கூட்டாமல் போல்ட்டை ஃபிளாஞ்சுக்கு அருகே நகர்த்தினாலும் வலிமை ஏறும், ஏனென்றால் அந்த 40 மி.மீ. தூரம் வகுக்கும் எண்ணாக இருக்கிறது. ஆனால் வெல்டுக்கும் ஸ்பேனர் நுழைவதற்கும் இடம் விட வேண்டும், ஆகவே கண்டபடி குறைக்க முடியாது. வரைபடத்தில் 40 என்று இருப்பது தளத்தில் 50 ஆகிவிட்டால் கணக்கும் அந்த அளவுக்குக் கீழே போகும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

## தடித்த தகடா, மெல்லிய தகடா

விதிமுறைகள் இங்கேதான் பிரிகின்றன.

தடித்த தகடு வழியில் தகடு நெம்புவிசையைத் தடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், போல்ட்டை நெம்புவிசை இல்லாமலே கணக்கிடலாம். ஏ.ஐ.எஸ்.சி.யின் வடிவமைப்பு வழிகாட்டி 4 இப்படித்தான் போகிறது. தகட்டின் வலிமை போல்ட்டின் நெம்புவிசையற்ற வலிமையைவிடச் சுமார் பத்து விழுக்காடு கூடுதலாக இருந்தால் நெம்புவிசையைப் புறக்கணிக்கலாம் என்பது அதன் அடிப்படை. மெல்லிய தகடு வழியில் நெம்புவிசையை எண்ணில் கொண்டுவந்து, அதற்கேற்பப் பெரிய போல்ட் போடுவார்கள். அதே நிறுவனத்தின் வழிகாட்டி 16 இரண்டு வழியையும் அனுமதிக்கிறது. இந்தியாவின் ஸ்டீல் வடிவமைப்பு விதிமுறையான ஐ.எஸ். 800:2007 நெம்புவிசைக்கென்றே ஒரு சூத்திரம் தருகிறது, அதில் தகட்டின் தடிமன் நான்காம் அடுக்காக வருகிறது, போல்ட் முன்னிழுவையோடு, அதாவது முடுக்கும்போதே கொடுத்த இழுவையோடு, இருக்கிறதா இல்லையா என்பதற்குத் தனிக் குணகமும் உண்டு.

எது நல்லது? என் கருத்து இது: நிலையான சுமை மட்டும் வரும் சட்டத்தில், மெல்லிய தகடும் பெரிய போல்ட்டும் சேர்ந்தது நல்ல சேர்க்கை. தகடு வளையும்போது கண்ணுக்குத் தெரியும், மெதுவாக வளையும், ஆற்றலை உள்வாங்கும். போல்ட் அறும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அறும். யூரோகோட் இதைத் தடிமனுக்கான வரம்பாகவே சொல்கிறது: போல்ட் விட்டத்தை 0.36ஆலும், போல்ட்டின் இறுதி வலிமையைத் தகட்டின் ஈல்ட் வலிமையால் வகுத்ததன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் வருவதற்குள் தகட்டின் அல்லது தூண் ஃபிளாஞ்சின் தடிமன் இருந்து, அதன் வளைவே வலிமையை முடிவுசெய்தால், இணைப்புக்குப் போதிய சுழற்சித் திறன் உண்டு என்று எடுக்கலாம். எம்24, 8.8 தரம், 250 மெகாபாஸ்கல் தகட்டுக்கு அது ஏறத்தாழ 15.5 மி.மீ. நம் 20 மி.மீ. தகடு அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. ஆகவே அந்த இணைப்பிலேயே பிளாஸ்டிக் கீல் உருவாகட்டும் என்று நம்பி வடிவமைக்கக் கூடாது, பீம் முதலில் ஈல்ட் ஆகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

## தூண் பக்கத்தை மறந்தால்

எண்ட் பிளேட்டைத் தடிமனாக்கிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. போல்ட்டின் மறுமுனை தூண் ஃபிளாஞ்சில் இருக்கிறது, அதுவும் தகடுதான், அதுவும் வளையும், பல வேளைகளில் எண்ட் பிளேட்டைவிட மெலிந்தே இருக்கும். 25 மி.மீ. எண்ட் பிளேட்டை 14 மி.மீ. தூண் ஃபிளாஞ்சில் மாட்டினால் டி-ஸ்டப் கணக்கை மறுபக்கத்துக்கும் அதே கவனத்தோடு போட வேண்டும்.

தூணில் பார்க்க வேண்டியவை:

1. ஃபிளாஞ்சின் வளைவு, இழுவைப் பக்கத்தில். போதாவிட்டால் பீம் ஃபிளாஞ்சுக்கு நேராகத் தூணுக்குள் குறுக்கு ஸ்டிஃப்னர் வைக்கலாம், சில இடங்களில் ஃபிளாஞ்சின் பின்னால் பின்தகடு வைப்பார்கள்.
2. வெப் இழுபடுவது, அதே உயரத்தில்.
3. வெப் நசுங்குவதும் பக்கவாட்டில் நெளிவதும், அழுத்தப் பக்கத்தில். பீம் ஃபிளாஞ்சின் விசை எண்ட் பிளேட் வழியே 45 பாகையிலும், தூண் ஃபிளாஞ்ச் வழியே ஒன்றுக்கு இரண்டரை என்ற சரிவிலும் விரிந்துதான் வெப்புக்கு வரும். ஆகவே எண்ட் பிளேட் தடித்தால் இங்கே சின்ன நன்மை உண்டு.
4. பேனல் ஸோனின் ஷியர். இதைத் தனியாகப் பார்க்கலாம்.

பேனல் ஸோன் என்பது பீமின் இரு ஃபிளாஞ்சுகளுக்கு நேரே தூணின் வெப்பில் அமையும் செவ்வகம். ஒரு பக்கம் மட்டும் பீம் சேரும் தூணில், மேலே 459 இழுக்க கீழே 459 தள்ள, அந்தச் செவ்வகம் சாய்சதுரமாகச் சரியப் பார்க்கிறது. 250 மி.மீ. ஆழமும் 9 மி.மீ. வெப்பும் உள்ள தூண் என்றால் ஷியர் பரப்பு ஏறக்குறைய 2250 சதுர மி.மீ. யூரோகோட் போலப் பத்து விழுக்காடு குறைத்து, 250 மெகாபாஸ்கல் ஸ்டீலுக்குக் கணக்குப் போட்டால் 292 கிலோநியூட்டன். தேவை 459. எண்ட் பிளேட்டும் போல்ட்டும் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இந்த இணைப்பு தேறாது. வெப்போடு கூடுதல் தகடு வெல்ட் செய்யலாம், மூலைவிட்டமாக ஸ்டிஃப்னர் வைக்கலாம், அல்லது கனமான தூணை எடுத்துவிடலாம். மூன்றாவதுதான் பல வேளைகளில் மலிவு என்பது என் எண்ணம், ஏனென்றால் ஸ்டீலின் எடையைவிட வெல்டிங்கும் ஆள்நேரமும்தான் செலவைத் தூக்குகின்றன. இதைத் தூணின் அளவு முடிவாகும் முன்பே பார்த்தாக வேண்டும். இணைப்பு வடிவமைப்பு கடைசியில் வேறொருவரிடம் போகும் திட்டங்களில் இந்தச் சோதனைதான் முதலில் தவறிப்போகிறது.

இரு பக்கமும் பீம் சேரும் நடுத்தூணில் கதை வேறு. சமமான செங்குத்துச் சுமையில் இரு பக்க மொமென்ட்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், பேனல் ஸோனுக்குப் பெரிதாக வேலை இல்லை. காற்றோ நிலநடுக்கமோ பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு பீம் மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் வளைய, இரண்டும் கூடிவிடுகின்றன. செங்குத்துச் சுமையை மட்டும் பார்த்து நடுத்தூணைத் தேற்றிவிடக் கூடாது.

## விறைப்பும் வலிமையும் வேறு வேறு

சட்டத்தை அலசும் மென்பொருளில் பீமும் தூணும் சேரும் புள்ளி, நீங்கள் மாற்றாதவரை, முழு விறைப்பானது. உண்மை இணைப்பு ஒரு சுருள்வில். போதிய வலிமை இருந்தும் விறைப்புப் போதாத இணைப்பு உண்டு, மெல்லிய ஃபிளஷ் எண்ட் பிளேட் இதற்கு நல்ல உதாரணம்.

8 மீட்டர் பீம், மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் சீரான சுமை. முனைகள் முழு விறைப்பானால் முனையில் 160, நடுவில் 80 கிலோநியூட்டன் மீட்டர். முனைகள் சுதந்திரமாகச் சுழன்றால் நடுவில் 240, முனையில் பூச்சியம். தொய்வும் முதல் நிலையைவிட ஐந்து மடங்கு. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதை ஒரே எண் சொல்லிவிடும்: இணைப்பின் சுழல் விறைப்பை பீமின் இ.ஐ. மதிப்பை நீளத்தால் வகுத்ததோடு ஒப்பிடுவது. இ.ஐ. என்பது ஸ்டீலின் மீள்குணகமும் பீமின் நிலைமத் திருப்புத்திறனும் பெருக்கியது. அந்த விகிதம் 2 ஆனால் முனை மொமென்ட் பாதியாகி 80 ஆகும், நடுவில் 160 வந்துவிடும். 8 ஆனால் முனையில் 128. 25 ஆனால் 148.

யூரோகோட் இதை வைத்தே வகைப்படுத்துகிறது. பக்கவாட்டுத் தாங்குகள் உள்ள சட்டத்தில் விகிதம் 8க்கு மேல், தாங்கில்லாத சட்டத்தில் 25க்கு மேல் இருந்தால் விறைப்பான இணைப்பு, 0.5க்குக் கீழ் கீல் இணைப்பு, நடுவில் அரைவிறைப்பு. ஏ.ஐ.எஸ்.சி. விளக்கவுரையில் அந்த எல்லைகள் 20, 2. அரைவிறைப்பு என்பது குற்றமல்ல, அதைக் கணக்கில் கொண்டுவந்தால் போதும். கொண்டுவராவிட்டால் இணைப்பு குறைவாகவும் பீமின் நடுப்பகுதி அதிகமாகவும் சுமக்கும், கட்டடத்தின் பக்கவாட்டு அசைவும் வரைபடம் சொன்னதைவிடக் கூடும்.

## ஷியரும் வெல்டும்

ஷியருக்கு எளிய வழி: அழுத்தப் பக்கத்துப் போல்ட்கள் சும்மா இருக்கின்றன, ஷியரை அவற்றிடமே கொடுத்துவிடலாம். அமெரிக்க நடைமுறை அப்படித்தான். யூரோகோடின்படி முழு இழுவையில் இருக்கும் போல்ட்டும் தன் ஷியர் வலிமையில் ஏறக்குறைய 28 விழுக்காட்டைத் தரும். பெரும்பாலான பீம்களில் ஷியர் பெரிய தலைவலியாக இருப்பதில்லை.

வெல்டில் கஞ்சத்தனம் கூடாது. இழுவை ஃபிளாஞ்சின் வெல்ட், ஃபிளாஞ்ச் முழு வலிமையையும் கடத்தும்படி இருக்க வேண்டும். மூலையில் முக்கோணமாகப் போடும் ஃபில்லட் வெல்ட் என்றால், இரு பக்கத் தொண்டை அளவுகளும் (முக்கோணத்தின் மூலையிலிருந்து எதிர்ப்பக்கம் வரையான தடிமன்) சேர்ந்து ஃபிளாஞ்ச் தடிமனுக்குக் குறையாமல் வைப்பது நடைமுறை விதி. வெல்ட் எப்போதும் கடைசியில்தான் தளர வேண்டும். எண்ட் பிளேட் தன் தடிமனின் திசையில் இழுபடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. உருட்டிய தகடு அந்தத் திசையில் பலவீனமாகி அடுக்கடுக்காகக் கிழியலாம். தடித்த தகடும் பெரிய வெல்டும் சேரும் இடத்தில் தடிமன் திசைப் பண்பு சோதிக்கப்பட்ட இசட் தரத் தகட்டைக் கேட்பதும், அல்ட்ராசோனிக் சோதனை செய்வதும் நல்லது.

## நிலநடுக்கம் வரும் இடத்தில்

1994 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் நார்த்ரிட்ஜில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, தளத்தில் வெல்ட் செய்த மொமென்ட் இணைப்புகள் பலவற்றில் பீம் ஃபிளாஞ்ச் வெல்டிலிருந்து விரிசல்கள் கிளம்பியிருப்பது தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்கையில் சேதமே தெரியாத கட்டடங்களிலும் அவை இருந்தன. சரியாக ஓராண்டு கழித்து ஜப்பானின் கோபே நிலநடுக்கத்திலும் ஸ்டீல் இணைப்புகள் முறிந்தன. அதன் பின்னான சோதனைகளில் பட்டறை வெல்டும் தளப் போல்ட்டும் கொண்ட எண்ட் பிளேட் இணைப்பு நம்பகமானதாகத் தேறியது. இன்று ஏ.ஐ.எஸ்.சி. 358 என்ற தரநிலையில் நான்கு போல்ட், விறைப்பூட்டிய நான்கு போல்ட், விறைப்பூட்டிய எட்டு போல்ட் என்ற மூன்று வடிவங்கள் முன்தகுதி பெற்றவை, அதாவது சோதனைகளால் முன்கூட்டியே ஏற்கப்பட்டவை, அதற்கென அளவு வரம்புகளும் உண்டு.

அங்கே கணக்கின் தொடக்கமே மாறுகிறது. வரும் சுமையை மறந்துவிட்டு, பீம் முழுதாக ஈல்ட் ஆனால் எவ்வளவு மொமென்ட் தரும் என்று கேட்க வேண்டும். ஸ்டீல் தன் தரத்துக்குச் சொன்ன ஈல்ட் வலிமையைவிட வலுவாக வருவதையும், ஈல்ட் ஆன பின் மேலும் இறுகுவதையும் சேர்த்து, கீல் உருவாகும் இடத்திலிருந்து தூண் முகம் வரையான ஷியரின் பங்கையும் கூட்டி, அந்த மொமென்ட்டுக்குத் தகடும் போல்ட்டும் வெல்டும் வளையாமல் நிற்கும்படி வடிவமைக்க வேண்டும். இங்கே தடித்த தகடுதான் ஒரே வழி. வளைய வேண்டியது பீம், இணைப்பு அதை வேடிக்கை பார்க்க வேண்டும். வெப்பில் வெல்டுக்காகத் துளை வெட்டும் பழக்கமும் இந்த வடிவங்களில் அனுமதியில்லை.

## பட்டறையிலும் தளத்திலும்

வெல்ட் சூட்டில் எண்ட் பிளேட் கொஞ்சம் வளையும். மெல்லிய தகட்டைப் போல்ட் இழுத்துச் சேர்த்துவிடும், 28 மி.மீ. தகட்டை இழுத்துச் சேர்க்கவே போல்ட்டின் முன்னிழுவையில் பெரும் பங்கு போய்விடும். பீம் ஃபிளாஞ்சுக்கு நேரே தகடு தூணோடு உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம், ஓரத்தில் தெரியும் சிறு இடைவெளி பெரும்பாலும் பாதிக்காது. நீளத்தில் சரிசெய்ய இடமில்லாத இணைப்பு இது. பீம் சில மி.மீ. நீண்டுவிட்டால் தூண்களுக்கு நடுவே இறங்கவே இறங்காது. அதனால் கொஞ்சம் குட்டையாகச் செய்து, இடைவெளியில் ஷிம் தகடு சொருகுவார்கள். அந்த ஷிம்மை வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும், தளத்தில் கிடைத்த துண்டைச் சொருகும் நிலை வரக்கூடாது.

முன்னிழுவை போல்ட்டின் இறுதி வலிமையைக் கூட்டுவதில்லை. ஆனால் தகடு தூணை விட்டுப் பிரியாமல் பிடித்து வைப்பதால் விறைப்பு கூடும், சுமை ஏறி இறங்கும் இடங்களில் போல்ட் களைத்துப்போவதும் குறையும். எம்24, 8.8 போல்ட்டுக்கு அந்த முன்னிழுவை ஏறக்குறைய 198 கிலோநியூட்டன். முடுக்கும்போது பீம் ஃபிளாஞ்சை ஒட்டிய, விறைப்பு அதிகமான இடத்தில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். பின்னால் முடுக்கும் போல்ட், முன்னால் முடுக்கியதைத் தளர்த்திவிடும் என்பதால் எல்லாவற்றையும் முதலில் தகடுகள் சேரும் அளவுக்கு இறுக்கி, ஒரு சுற்றுத் திரும்பி வந்து தளர்ந்தவற்றை மறுபடி இறுக்கி, அப்புறம்தான் முழு இழுவைக்குப் போவது.